அடிக்கிற கைதான் அணைக்குமா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் பிரம்போடு வந்திருக்கிற... மன்னிக்கணும், பிரமாதமாகப் பேசிவிட்டுப் போயிருக்கிற நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! அந்தத் தாய்மார்கள் மடியில் உட்கார்ந்துகொண்டு "எப்பம்மா வீட்டுக்குப் போவோம்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிற குழந்தைகளே! 

"பிள்ளைகளை நல்லபடி வளர்க்கத் தேவை கண்டிப்பா, கனிவா?" இதுதான் தலைப்பு. கனிவே என்று பேச வந்திருக்கிறேன். மயிலாப்பூரில் முப்பது வருஷம் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். அதனால் புத்தகத்தில் படித்ததையும் சொல்வேன், பெஞ்சில் பார்த்ததையும் சொல்வேன்.

எனக்கு முன்னால் பேசிய ஐயா மூன்று பழமொழி சொன்னார். "அடியாத மாடு படியாது" என்றார். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றார். "முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்" என்றார். நீங்களும் கை தட்டினீங்க. நான் ஒன்று கேட்கிறேன். முருங்கையை ஏன் ஒடிக்கிறோம்? ஒடிக்காமல் விட்டால் அது பாட்டுக்கு உயரமாகப் போயிடும், காய் நம்ம கைக்கு எட்டாது. பக்கக் கிளை வெடிச்சு, தாழ்வா காய்ச்சா நமக்குச் சௌகரியம், சாம்பாருக்கு ஆச்சு. அப்போ அந்த ஒடித்தல் மரத்துக்காகவா ஐயா? நமக்காக! (சிரிப்பு, கைதட்டல்) அடிக்கிற அடியிலும் பாதி அப்படித்தான். பிள்ளை திருந்தணும்னு அடிப்பதைவிட, நம்ம அலுப்பு தீரணும்னு அடிப்பதுதான் அதிகம்.

நடுவர் அவர்களே, முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். கனிவு என்றால் செல்லம் இல்லை. கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுப்பது கனிவு இல்லை.

தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போங்க. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மூன்று வயசுக் குழந்தை ஒரு பொம்மைக் காரைப் பார்த்துவிட்டது. "வேணும்" என்கிறது. அம்மா "வேண்டாம்" என்கிறார். குழந்தை நடுத்தெருவில் விழுந்து புரள்கிறது. இப்போ என்ன நடக்கும்? ஒரு அம்மா முதுகில் ரெண்டு வைப்பார். இன்னொரு அம்மா, "சனியன், வாங்கித் தொலைச்சுடறேன்" என்று பணத்தை நீட்டுவார். முதல் குழந்தை என்ன கத்துக்கிட்டது? பலம் இருக்கிறவன் அடிக்கலாம். இரண்டாவது குழந்தை என்ன கத்துக்கிட்டது? புரண்டால் கார் கிடைக்கும்!

மூணாவதா ஒரு வழி இருக்கு. அந்த அம்மா கீழே குனிந்து, குழந்தையின் கண்ணுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகிறார். "கார் உனக்குப் பிடிச்சிருக்கு, எனக்குத் தெரியுது. இன்னிக்கு வாங்கப் போறதில்லை" என்று ஒரே தடவை சொல்கிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நிற்கிறார். அது அழுகிறது. அழட்டும் என்று தோளில் போட்டுக்கொள்கிறார். அடியும் இல்லை, காரும் இல்லை. அஞ்சு நிமிஷம், மிஞ்சினால் பத்து நிமிஷம். அழுகை அடங்கின பிறகுதான் பேச்சு. ஏன்னா, அழுதுகொண்டிருக்கிற குழந்தை காதில் உபதேசம் ஏறாது. அழுதுகொண்டிருக்கிற பெரியவங்க காதிலேயே ஏறாதே! (சிரிப்பு)

அமெரிக்காவில் டயானா பாம்ரிண்ட் என்று ஓர் உளவியல் அறிஞர். 1960-களில் கலிபோர்னியாவில் பெற்றோர்களையும் பிள்ளைகளையும் கவனித்துப் பார்த்து ஆராய்ச்சி செய்தார். பெற்றோர்களை மூன்று வகையாகப் பிரித்தார். "சொன்னா சொன்னதுதான், ஏன்னு கேட்காதே" என்கிற அதிகாரப் பெற்றோர் ஒரு வகை. "என்னவோ பண்ணிக்கோ கண்ணு" என்று விட்டுவிடுகிற பெற்றோர் இன்னொரு வகை. வரம்பும் வைத்து, அந்த வரம்புக்குக் காரணமும் சொல்லி, பிள்ளை பேசுவதையும் காது கொடுத்துக் கேட்கிற பெற்றோர் மூன்றாவது வகை. தன்னம்பிக்கையோடும் பொறுப்போடும் இருந்த பிள்ளைகள் பெரும்பாலும் அந்த மூன்றாவது வீட்டில் வளர்ந்தவங்க என்று கண்டார். நான் கனிவு என்று சொல்வது அந்த மூன்றாவது வீட்டை.

"இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்று எதிரணி அம்மா சொன்னாங்க. அம்மா, மயிலாப்பூரிலிருந்து கிளம்பி திரு.வி.க. பாலத்தைத் தாண்டினால், இடது கைப் பக்கம் பிரம்மஞான சபைத் தோட்டம். தினம் ஆயிரக்கணக்கான பேர் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகிறோம். அந்தத் தோட்டத்துக்குள்ளே உலகத்துக்கே குழந்தை வளர்ப்பைச் சொல்லிக் கொடுத்த ஓர் அம்மையார் வருஷக்கணக்கில் இருந்து பாடம் நடத்தியிருக்கிறார். அவர் பெயர் மரியா மாண்டிசோரி.

இத்தாலியில் டாக்டருக்குப் படித்த முதல் சில பெண்களில் ஒருவர் அவர். 1939-ல் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவியும் அழைக்க, 69 வயசில் அடையாறுக்கு வந்தார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து சுமார் 300 பேர் படிக்க வந்தார்கள். ஓலைக் கொட்டகை போட்டு வகுப்பு நடந்தது. அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார், மகன் மரியோ இங்கிலீஷில் மொழிபெயர்ப்பார்.

1940-ல் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசு மரியோவைப் பிடித்துக் காவலில் வைத்துவிட்டது. அம்மையார் தோட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. ஊர் புதுசு, மொழி புதுசு, மகனும் பக்கத்தில் இல்லை. அந்த வருஷம் ஆகஸ்ட் 31 அவருக்கு 70-வது பிறந்த நாள். பிறந்த நாள் பரிசாக மகனை விடுதலை செய்கிறோம் என்று வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. குழந்தைகளுக்காகவே வாழ்ந்த அம்மாவுக்கு, அவர் பிள்ளையையே பரிசாகக் கொடுத்தார்கள்! (கைதட்டல்) போர் முடியும்வரை இந்தியாவிலேயே இருந்து, கொடைக்கானலிலும் தங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு 1946-ல்தான் ஐரோப்பா திரும்பினார். மறுபடி 1947-ல் வந்தார். அவருடைய புகழ்பெற்ற புத்தகங்களில் ஒன்று 1949-ல் முதன்முதலில் அச்சானதே நம்ம அடையாறில்தான். இதைப் போய் வெளிநாட்டுச் சரக்கு என்றால் எப்படி?

இந்த அம்மையார் என்னதான் சொன்னார்? அவர் எழுதி வைத்த ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். 1907-ல் ரோம் நகரத்தில், சான் லொரென்சோ என்கிற ரொம்ப ஏழைப் பகுதியில், அவர் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். அப்பா அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. பிள்ளைகள் அழுக்கும் மூக்குமாகத் திரியும். ஒருநாள் அம்மையார், "இன்னிக்குப் பாடம், மூக்கைச் சிந்துவது எப்படி" என்றார். கைக்குட்டையை எப்படி மடிப்பது, சத்தம் வராமல் எப்படிச் சிந்துவது என்று நிதானமாகச் செய்து காட்டினார். சிரிப்பார்கள் என்று நினைத்தார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. கண் இமைக்காமல் பார்த்தார்கள். முடிந்ததும் கை தட்டினார்கள் பாருங்க, அப்படி ஒரு கைதட்டல்!

ஏன் தட்டினார்கள்? அந்த அம்மையாருக்கு அப்புறம்தான் புரிந்தது. அந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து மூக்குக்காகத் திட்டு வாங்கியவர்கள். "சீ, மூக்கைப் பார்" என்று எல்லாரும் சொன்னார்கள். எப்படிச் சிந்தணும் என்று ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் தடவையாக ஒருத்தர் அவமானப்படுத்தாமல் சொல்லிக் கொடுத்தார். அந்த மரியாதைக்குத்தான் கைதட்டல்.

நடுவர் அவர்களே, நான் இன்னிக்குப் பேச வந்த விஷயம் முழுக்க இந்த மூக்குக்குள்ளே இருக்கு! (சிரிப்பு) நாம் பிள்ளைகளைத் திட்டுகிற விஷயங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்க. அதில் எத்தனை விஷயத்தை நாம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்று ஒரு டிக் போடுங்க. டிக் குறைவாகத்தான் விழும்.

"தண்ணியைக் கொட்டிட்டான்" என்கிறோம். சொம்பு நிறையத் தண்ணி. அதை ரெண்டு கையால் பிடித்து, கண்ணை டம்ளரில் வைத்து, மெதுவாகச் சாய்க்கணும் என்று யார் காட்டினோம்? "பள்ளிக்கூடம் விட்டு வந்தா யூனிபாரத்தைத் தரையில் போடறான்" என்கிறோம். கொக்கி எங்கே இருக்கு? அப்பா உயரத்தில் இருக்கு. பிள்ளை என்ன ஏணி வைத்தா ஏறுவான்? கொக்கியை ரெண்டரை அடியில் அடித்துக் கொடுங்க. பத்து நாள் கூட நின்று பழக்குங்க. மாண்டிசோரி அம்மையார் குழந்தை உயரத்துக்கு நாற்காலி, மேஜை, அலமாரி செய்ய வைத்ததற்குக் காரணம் அதுதான். உடைகிற கோப்பைகளையே குழந்தைகள் கையில் கொடுத்தார். விழுந்தால் உடையும் என்று தெரிந்தால்தானே பத்திரமாகப் பிடிக்கும் கை வரும்?

கோபமும் அப்படித்தான். "தம்பியை அடிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே அவனை அடிக்கிறோம். "அடிப்பியா? அடிப்பியா?" என்று கேட்டுக்கொண்டே அடிக்கிறோம். (சிரிப்பு) அவனுக்கு என்ன புரியும்? கோபம் வந்தால் வாயால் சொல்லணும், அந்த இடத்தை விட்டு நகரணும், பெரியவங்ககிட்ட வந்து சொல்லணும் என்பதெல்லாம் தானாக வருகிற பழக்கம் இல்லை. வாய்ப்பாடு மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லித்தான் வரும். ஏழாம் வாய்ப்பாடு வர ஒரு மாசம் ஆகும் என்று ஒத்துக்கொள்கிற நாம், பொறுமை மட்டும் ஒரே அறையில் வரணும் என்கிறோம்.

பாராட்டுக்கு வருகிறேன். கனிவு என்றால் எதற்கெடுத்தாலும் "சூப்பர், சூப்பர்" என்று சொல்வது என்று சிலர் நினைக்கிறாங்க. அதிலும் கவனம் வேணும். 1998-ல் கிளாடியா முல்லர், கேரல் ட்வெக் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்க் கணக்கு கொடுத்தார்கள். முடிந்ததும் ஒரு பகுதிப் பிள்ளைகளிடம் "நீ ரொம்ப புத்திசாலி" என்றார்கள். இன்னொரு பகுதியிடம் "நீ நல்லா முயற்சி பண்ணினே" என்றார்கள். அப்புறம் கஷ்டமான கணக்கு கொடுத்தார்கள். எல்லாரும் திணறினார்கள். மறுபடி முதலில் கொடுத்த மாதிரி கணக்கு. முயற்சியைப் பாராட்டின பிள்ளைகள் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். புத்திசாலி என்று சொன்ன பிள்ளைகள் முன்னைவிடக் குறைவாகச் செய்தார்கள். காரணம் என்ன? "புத்திசாலி" என்ற பட்டம் போயிடுமோ என்ற பயம். அதனால் "என் பேத்தி ஜீனியஸ்" என்று மாடவீதி முழுக்கச் சொல்லாதீங்க. "பாட்டுக் கிளாஸில் அந்த ஸ்வரத்தை விடாம இருபது தடவை பாடினே பாரு, அது எனக்குப் பிடிச்சுது" என்று அவள் காதில் சொல்லுங்க.

பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடுவதும் வேண்டாம். பரீட்சையில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கிற வழக்கத்தைத் தமிழ்நாட்டு அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. அரசாங்கம் நிறுத்தின ரேங்க் பட்டியலை நாம் வீட்டு வாசலில் நின்று படித்துக்கொண்டிருக்கலாமா?

இன்னொரு கேள்வி வரும். "நாங்கள்லாம் அடி வாங்கித்தான் ஆளானோம்." ரொம்ப நல்லது. ஐயா, அடி வாங்கினதால் ஆளானீங்களா, அடி வாங்கியும் ஆளானீங்களா? (பலத்த கைதட்டல்) உங்களுக்கு ஒரு பாட்டி இருந்தாங்க. அடி வாங்கிக்கிட்டு ஓடினா முந்தானையில் மறைச்சுப்பாங்க. தெருவில் பத்து பிள்ளைங்க விளையாட இருந்தாங்க. இன்னிக்கு ரெண்டு ரூம் பிளாட்டில் அடி வாங்கின பிள்ளை எங்கே ஓடும்? பாத்ரூமுக்குத்தான் ஓடும்.

எங்கள் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பையன். ரிப்போர்ட் கார்டு கொடுத்த நாள். கணக்கில் மார்க் குறைவு. சாயங்காலம் ஆறு மணி ஆச்சு, பையன் வீட்டுக்குப் போகவில்லை. அப்பா, அம்மா, டீச்சர்கள், அக்கம்பக்கம் எல்லாரும் தேடுகிறோம். கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளத்துப் பக்கம் பூ விற்கிற அம்மா ஒருத்தங்க பிடிச்சு வைத்திருந்தாங்க. "ஏன் கண்ணு இங்கேயே உட்கார்ந்திருக்கே?" என்று கேட்டிருக்காங்க. "வீட்டுக்குப் போனா அப்பா அடிப்பாரு" என்று சொல்லியிருக்கான். எட்டு வயசுப் பிள்ளை, விளக்கு வைத்த நேரத்தில், குளத்தங்கரையில்!

அந்த அப்பா ஓடி வந்தார். பிள்ளையைத் தூக்கி அணைத்துக்கொண்டு அப்படி அழுதார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றீங்களே எதிரணி ஐயா, உண்மைதான். அந்தக் கை அணைக்கத் தயாராகத்தான் இருந்தது. ஆனா அது அந்தப் பிள்ளைக்குத் தெரியலையே ஐயா! அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அடிக்கிற கை மட்டும்தானே! (நீண்ட கைதட்டல்)

அடியின் ஆபத்து இதுதான். அடி வலிக்கிறது என்பதுகூடப் பெரிசில்லை. பிள்ளைக்குக் கஷ்டம் வரும்போது அது யாரிடம் வரும் என்பதுதான் பெரிசு. இன்னிக்கு ரிப்போர்ட் கார்டு. நாளைக்கு வேன் டிரைவர் தப்பாகத் தொட்டான் என்று சொல்ல வேண்டியிருக்கும். நாளன்னிக்கு செல்போனில் எவனோ மிரட்டுகிறான் என்று சொல்ல வேண்டியிருக்கும். "அம்மா, தப்பு நடந்து போச்சு" என்று சொல்கிற தைரியம் பதினாறு வயசில் திடீரென்று வராது. ஆறு வயசில் டிபன் பாக்ஸைத் தொலைத்துவிட்டு வந்து உண்மை சொன்னபோது நாம் என்ன செய்தோம் என்பதில் அது முடிவாகிவிடும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பள்ளிக்கூடத்தில் குழந்தையின் உடலை வருத்துகிற தண்டனையும் கூடாது, மனசை வருத்துகிற துன்புறுத்தலும் கூடாது என்கிறது. ஸ்வீடன் நாடு இன்னும் ஒரு படி மேலே போச்சு. 1979-ல், வீட்டிலும் அடிக்கக்கூடாது என்று உலகத்திலேயே முதலில் சட்டம் போட்டது. அதை மக்களுக்கு எப்படிச் சொன்னாங்க தெரியுமா? பால் டப்பாவில் அச்சடித்தாங்க! காலையில் பால் ஊற்றும்போது அப்பாவும் படிப்பார், பிள்ளையும் படிக்கும். நம்ம ஊரில் ஆவின் பாக்கெட்டில் போட்டால் என்ன ஆகும்? பாக்கெட்டைப் பிள்ளைகள் பத்திரப்படுத்திடுவாங்க! (சிரிப்பு)

தாய்மார்களே, ஒரே ஒரு வார்த்தை. "டீச்சரம்மா மேடையில் சுலபமாச் சொல்லிட்டாங்க, ஆபீஸ் விட்டு, பஸ்ஸில் நின்னுக்கிட்டே வந்து, சமையலையும் பார்க்கிறவளுக்குத்தானே தெரியும்" என்று நினைப்பீங்க. நியாயம். நூறு நாளும் பொறுமையாக இருக்க யாராலும் முடியாது. கோபம் தலைக்கு ஏறுகிறபோது பக்கத்து ரூமுக்குப் போங்க. ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. அஞ்சு நிமிஷம் கழித்து வாங்க. தப்பு அங்கேயேதான் இருக்கும், எங்கேயும் ஓடிப் போகாது! மீறி ஒருநாள் கத்திட்டீங்களா? "அம்மா கத்தினது தப்பு கண்ணு. ஆனா நீ செய்ததும் சரியில்லை, வா, எப்படிச் செய்யணும்னு பார்ப்போம்" என்று சொல்லுங்க. பெரியவங்க மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறையாது. மன்னிப்புக் கேட்பது எப்படி என்று பிள்ளை கத்துக்கும். அதுவும் ஒரு பாடம்தானே? வீட்டு ஆண்களுக்கும் சொல்கிறேன். "உன் பிள்ளையைப் பார்" என்று மார்க் குறைந்தால் மட்டும் சொல்லாதீங்க. தினம் பத்து நிமிஷம், போனைத் தூர வைத்துவிட்டு, பிள்ளை பேசுவதைக் கேளுங்க. அறிவுரை வேண்டாம். கேட்டால் போதும்.

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போறீங்க, தெரியுது. முடிக்கிறேன்.

எதிரணி முருங்கை மரத்தைக் காட்டினார்கள். நான் அதே அடையாறு தோட்டத்து ஆலமரத்தைக் காட்டுகிறேன். பல நூறு வருஷத்து மரம். அதை யாரும் ஒடித்து வளர்க்கவில்லை. விழுது விடும்போது இடம் விட்டார்கள், மண்ணைத் தொடும்வரை காத்தார்கள். 1989-ல் அடித்த புயல் காற்றில் அதன் அடிமரம் சாய்ந்துவிட்டது. ஆனால் மரம் போகவில்லை. மண்ணில் ஊன்றி நின்ற விழுதுகள் அதைத் தாங்கி வாழ வைத்துக்கொண்டிருக்கின்றன.

நாமும் ஒருநாள் சாய்கிற அடிமரம்தான். அன்னிக்கு இந்தக் குடும்பத்தைத் தாங்குகிற பலம் விழுதுக்கு வேணுமானால், இன்னிக்கு அதை ஒடிக்காதீர்கள். ஊன்றுகிறவரை கூட நில்லுங்கள். ஆகவே, பிள்ளைகளை நல்லபடி வளர்க்கத் தேவை கனிவே, கனிவே!